முடிவு தெரிந்த கதைகள்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நம் நாட்டில் நின்றுபோனவை பல. பேருந்துகளும் தொடர்வண்டிகளும் நின்றன. பள்ளிகள் மூடப்பட்டன. ஆலயக் கதவுகளும் அடைபட்டன. இவற்றோடு ஒப்பிடுகையில் தொலைக்காட்சி நெடுந்தொடர்கள் நின்றுபோனது மிகச் சிறிய செய்தியே. ஆயினும், அந்தி மணி அடித்தது முதல் இரவு உணவு முடியும்வரை அத்தொடர்களைக் கொண்டே பொழுதை அளந்து பழகிய இல்லங்களுக்கு அது சிறிய செய்தியாக இருக்கவில்லை. நோய்த்தொற்றின் அச்சத்தால் படப்பிடிப்புகள் நிறுத்தப்பட்டன. கையிருப்பில் இருந்த சில பகுதிகள் ஒளிபரப்பாகித் தீர்ந்ததும் தொடர்கள் ஒவ்வொன்றாக நடுவழியில் நின்றன. ஒன்றில் மணமகன் கையில் தாலியோடு நின்றான். மற்றொன்றில் மருத்துவர் அறுவைக் கூடத்தை விட்டு வெளியே வந்து, வாய் திறக்குமுன் நின்றார். பிறகு மாதக்கணக்கில் அவர் வாய் திறக்கவே இல்லை!

வெற்றிடத்தை நிரப்பத் தொலைக்காட்சி நிலையங்கள் பழையனவற்றை நாடின. தூர்தர்சன் 1987-88இல் ஒளிபரப்பிய இராமாயணத்தை மார்ச்சு 28 முதல் மீண்டும் கொண்டுவந்தது. தமிழ் நிலையங்கள் பழைய தொடர்களையும் பழைய திரைப்படங்களையும் மாற்றி மாற்றி ஒளிபரப்பின. ஏப்ரல் தொடங்கிச் சூலை முடிய நம் இல்லத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட படங்களைப் பார்த்தோம். சில, பலமுறை பார்த்தவை. சில, அரங்குகளுக்கு வந்தபோது தவறவிட்டவை. ஒன்றிரண்டு, அரங்கிற்கே வராமல் நேரே இல்லத்துக்குள் வந்தவை. அவற்றுள் சிலவற்றை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஒரு கதை எவ்வாறு முடிகிறது என்னும் கேள்வியே அம்மாதங்களில் நம்மை விடாது பற்றியிருந்தது. முடிவே இல்லாத கதைகளிலிருந்து திடீரென விடுபட்டவர்களுக்கு அக்கேள்வி எழுவது இயல்புதானே.

நெடுந்தொடரை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. அதைப் பார்ப்பவர் அறிவற்றவர் என்று எழுதும் வழக்கம் ஒன்று உண்டு. அதில் நமக்கு உடன்பாடில்லை. சமையற்கட்டிலும் மாமியார் வீட்டிலும் பெண்கள் படும் பாட்டைத் திரைப்படம் இரண்டு காட்சிகளில் கடந்துபோன காலத்தில், அப்பாட்டையே கதையாக எடுத்துக்கொண்டது நெடுந்தொடர்தான். 2002 முதல் 2005 வரை வந்த ‘மெட்டி ஒலி’ தந்தை ஒருவர் ஐந்து பெண்மக்களைக் கரையேற்றப் படும் பாட்டை எண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளில் சொன்னது. அதில் நாம் அறிந்த மனிதர்கள் இருந்தார்கள். ஆனால் 2003இல் தொடங்கிய ‘கோலங்கள்’ 2009 வரை 1,500க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடிற்று. இந்நீளத்தை நிறுவுவது கதையின் தேவை அன்று. விளம்பரதாரரும் பார்வையாளர் கணக்கெடுப்பும் உள்ளவரை தொடர் உயிரோடிருக்கும். அவை குறைந்த வாரத்தில் அவசரமாய் முடியும்.

இதனால் கதையின் அறத்திற்கு நேரும் ஊறு ஒன்றுண்டு. தொடரில் தீயவள் மனந்திரும்ப முடியாது, ஏனெனில் அவள் திரும்பினால் மறுநாள் காட்ட ஒன்றுமிராது. உண்மை வெளிப்பட முடியாது. அது வெளிப்படும் தறுவாயில் யாரேனும் கதவைத் திறப்பார்கள், அல்லது தொலைபேசி ஒலிக்கும். மன்னிப்பும் நிலைக்காது. வெள்ளிக்கிழமை மன்னித்தவர் திங்கட்கிழமை அதை மறந்திருப்பார். நீதி, உண்மை, மன்னிப்பு மூன்றும் ‘நாளை’ என்னும் ஒரே பெட்டிக்குள் பூட்டப்பட்டுள்ளன. ஒப்புரவு அருளடையாளத்தை நம்பும் நமக்கு, ஒருவர் குற்றத்தை ஏற்று வேறு மனிதராக எழுந்து நடப்பது வாழ்வின் நடுவே நிகழக்கூடிய செயல். நாள்தோறும் நான்கு மணி நேரம், அது ஒருபோதும் நிகழாத உலகில் அமர்ந்திருப்பது நம்மை என்ன செய்யும் என்று எண்ணிப்பார்க்கத் தொடர்கள் நின்ற அந்த இடைவெளி வாய்ப்பளித்தது.

முதலில் ‘பாசமலர்’. ஏ. பீம்சிங் இயக்கத்தில் 1961இல் வெளிவந்த இப்படத்தின் முடிவை அறியாத தமிழர் அரியர். அண்ணனும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பற்றியபடி இறந்துபோவார்கள். நம் தாயார் இப்படத்தை எத்தனை முறை பார்த்தார் என்ற கணக்கில்லை. இம்முறையும் அவர் அழுதார். அருகிலிருந்த பேத்தி, “என்ன நடக்கும்னு தெரிஞ்சும் ஏன் பாட்டி அழுறீங்க?” என்று கேட்டாள். “தெரிஞ்சதாலதான்டி” என்றார் அவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. கலைத்திறனாய்வு நூல்கள் பல பக்கங்களில் சொல்ல முயல்வதை அவர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டதாக நமக்குத் தோன்றிற்று.

இன்று பார்க்கையில் ‘பாசமலர்’ படத்தின் குறைகள் கண்ணில் படாமல் இல்லை. உணர்ச்சி மிகுதி, நீண்ட உரையாடல், சூழ்ச்சி செய்வோரின் மிகைநடிப்பு அனைத்தும் உண்டு. ஆனால் அப்படம் தன் முடிவை நோக்கி நேராக நடக்கிறது. சிவாஜி கணேசனும் சாவித்திரியும் முதற் காட்சியில் சிரிக்கும்போதே இறுதிக் காட்சியின் நிழல் அச்சிரிப்பின்மேல் விழுகிறது. முடிவு தெரிந்திருப்பதால் ஒவ்வொரு சிறு மகிழ்ச்சியும் கனமடைகிறது. நம் ஊர்களில் பாசுகா நாடகம் பார்த்தவர்க்கு இது புதிதன்று. யூதாசு முத்தமிடப்போகிறான் என்பதும் பிலாத்து கைகழுவப்போகிறான் என்பதும் மேடைக்கு முன் பாய் விரித்து அமர்ந்திருக்கும் சிறுவனுக்கும் தெரியும். தெரிந்தும் கூட்டம் விம்முகிறது. அந்த 2020ஆம் ஆண்டின் புனித வாரத்தில் மேடையும் இல்லை, கூட்டமும் இல்லை. மார்ச்சு 27 அன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிசு மழையில் நனைந்த வெற்றுப் பேராலய வளாகத்தில் தனியே நின்று உலகுக்கு ஆசியளித்ததையும், ஏப்ரல் 10 அன்று பெரிய வெள்ளியின் பாடுகளின் வாசிப்பையும், தொடர்கள் ஓடிய அதே பெட்டியில்தான் கண்டோம்.

மகேந்திரன் இயக்கிய ‘உதிரிப்பூக்கள்’ (1979) வேறு வகையைச் சார்ந்தது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை வித்தாகக் கொண்டு, அதிலிருந்து வெகுதூரம் விலகி வளர்ந்த படம் இது. ஊரில் செல்வாக்குள்ள ஒருவன், நோயுற்ற மனைவி, இரண்டு குழந்தைகள். மனைவியின் தங்கையை அவன் தனக்கு இரண்டாந்தாரமாய்க் கேட்கிறான். இவ்வளவுதான் கதையின் எலும்புக்கூடு. இதே கதை ஒரு நெடுந்தொடருக்குக் கிடைத்திருந்தால் எத்தனை ஆண்டுகள் ஓட்டியிருப்பார்கள் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டோம். மகேந்திரனோ வசனத்தைக் குறைத்து, முகங்களைப் பேசவிடுகிறார். விஜயன் ஏற்ற அந்தக் கணவன் வேடத்தில் உறுமலும் உருட்டு விழியும் இல்லை. அமைதியாகப் பேசுகிறான், நாகரிகமாக உடுத்துகிறான். அவனது கொடுமை அந்த அமைதியில்தான் குடியிருக்கிறது. அசுவினியின் முகத்தில் படியும் சோர்வைக் கேமராக் கலைஞர் அசோக் குமார் பகல் வெளிச்சத்திலேயே படம்பிடித்திருக்கிறார். இருளும் இடியும் இன்றித் துயரத்தைக் காட்டலாம் என்பதை அன்றே நிறுவிய படம்.

அதன் முடிவைப் பற்றி நம் இல்லத்தில் அன்றிரவு பெரும் வாக்குவாதம் மூண்டது. ஊரார் ஒன்றுகூடி அவனை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்கிறார்கள். அவனைத் தண்ணீருக்குள் நடந்துபோகச் செய்கிறார்கள். போகுமுன் அவன் ஒன்று சொல்கிறான்: தான் செய்த தீமைகளுள் பெரியது, இந்த நல்ல மனிதர்களையும் தன்னைப் போல ஆக்கிவிட்டதே என்று. பின் அவன் மூழ்குகிறான். கரையில் இரு குழந்தைகள்.

நம்மோடு தங்கியிருந்த மைத்துனர், “அவனுக்கு அது போதாது” என்றார். கொடுமை செய்தவன் தண்டனை பெறவேண்டாமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். பள்ளியிறுதி வகுப்பில் இருந்த நம் மகளோ வேறொன்று கேட்டாள்: “அந்தப் பிள்ளைங்க இனிமே யார் வீட்ல மாமா சாப்பிடும்?” அவர் விடை சொல்லவில்லை. படமும் சொல்லவில்லை.

மகேந்திரன் இம்முடிவில் செய்திருப்பதை நாம் நுணுகி நோக்கவேண்டும். ஊராரின் சினத்தை அவர் பழிக்கவில்லை. அவர்கள் பொறுத்த பொறுமையை முழுதும் காட்டியபிறகே அவர்களை ஆற்றங்கரைக்குக் கொண்டுவருகிறார். அதே வேளையில், படத்திலேயே தெளிவான ஒரு சொல்லைத் தீயவன் வாயில் வைக்கிறார். யோவான் நற்செய்தி எட்டாம் அதிகாரத்தில் கற்களோடு நின்ற கூட்டம் ஒருவர்பின் ஒருவராகக் கலைந்துபோயிற்று. இங்கே கூட்டம் கலையவில்லை. கலைந்துபோகச் செய்ய அங்கே எவரும் இல்லை. அவன் சொன்னது மனந்திரும்பியவனின் அறிக்கையா, சாகும்போதும் பிறரைக் குத்திவிட்டுப் போகும் குரூரமா? நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறோம். ஆனால் குரூரத்தோடு சொல்லப்பட்டது என்பதால் அது பொய்யாகிவிடாது. அதுவே இம்முடிவின் வலிமை.

இனி ‘அன்பே சிவம்’. கமல்ஹாசன் எழுத, சுந்தர் சி. இயக்கி 2003 பொங்கலுக்கு வந்த இப்படம் அரங்குகளில் தோற்றது. பின்னர்த் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாகியே மக்களுக்கு நெருக்கமாயிற்று. ஆகவே பழகிய படம் என்னும் பெயர் வேறெதனையும்விட இதற்குப் பொருந்தும். சின்னத்திரை செய்த நன்மைகளைப் பட்டியலிடுவோர் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தமிழ்த் திரையில் கிறித்தவரின் தோற்றம் பற்றி இங்கே சிறிது சொல்லவேண்டியுள்ளது. நெடுங்காலம் நாம் அங்கே அறைகலன்களாகவே இருந்தோம். கவுன் அணிந்த சூலி, பியானோ வாசிக்கும் இசுடெல்லா, மது அருந்தும் பீட்டர், கொலைகாரன் ஒளிந்துகொள்ள ஓர் ஆலயம், பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் தலையை அசைக்கும் ஒரு சாமியார். இவர்களுள் எவரும் வயலுக்குப் போனதில்லை; வலை இழுத்ததில்லை; அடகுக் கடைக்கும் போனதில்லை. ‘அன்பே சிவம்’ படத்திலும் அருட்சகோதரியர் வருகின்றனர். பேருந்து விபத்தில் உடல் சிதைந்த நல்லசிவத்தைப் பேணிக் காக்கின்றனர். அவரோ கடவுள் நம்பிக்கையற்ற பொதுவுடைமையர். அச்சகோதரியர் அவரை மாற்ற முயல்வதில்லை, அவரும் வாதம் செய்வதில்லை. பணிவிடையும் நன்றியுமாக அது நிற்கிறது. அறைகலன் நிலையிலிருந்து நாம் மனிதராக உயர்ந்த சில காட்சிகளுள் இதுவும் ஒன்று.

ஆயினும் இப்படத்தின் பெருந்தன்மை சிலவிடங்களில் மிக எளிதாய்க் கிடைத்துவிடுகிறது என்பதே நம் கருத்து. நல்லசிவத்தைக் கொல்ல ஏவப்பட்டவன் கத்தியை ஓங்கியவாறே மனமுடைந்து, தன் பாவங்களைச் சொல்லி, வணங்கிவிட்டு ஓடிப்போகிறான். சந்தான பாரதி அக்காட்சியை உருக்கமாகவே நடித்திருக்கிறார். தொடரில் ஒருபோதும் நிகழாத மனமாற்றம் இங்கே இரண்டு நிமிடத்தில் நிகழ்ந்துவிடுகிறது. படம் முழுதும் அதற்கான தயாரிப்பு இருந்ததா என்றால், இருந்தது என்று முழுமனத்தோடு சொல்ல இயலவில்லை. மாறாக, ஒடிசாவில் தொடர்வண்டி விபத்துக்குப்பின் மாதவன் ஏற்ற இளைஞன் குருதி கொடுத்தும் சிறுவன் இறந்துபோகும் பகுதி இன்றும் தளராமல் நிற்கிறது. அங்கே அவனுக்கு நிகழும் மாற்றம் பேச்சால் நிகழ்வதன்று. தன் குருதி பயனற்றுப்போனதை அவன் அமர்ந்து பார்க்கிறான், அவ்வளவே.

புதியனவற்றுள், அரங்கிற்கே வராமல் 2020 மே 29 அன்று ஓடிடி வழியாக வெளியான ‘பொன்மகள் வந்தாள்’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிறுமியர்க்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமையை எடுத்துக்கொண்டமைக்காக அதைப் பாராட்டவேண்டும். இல்லங்களும் பள்ளிகளும் சமய நிறுவனங்களும், நம்முடையவை உட்பட, மூடிவைக்கப் பழகிய பொருள் அது. ஆனால் படம் தன் நம்பிக்கை முழுவதையும் நீதிமன்ற உரைகளில் வைத்துவிட்டது. சோதிகா நேர்மையாக நடித்தும், கேட்டோம் என்ற எண்ணமே எஞ்சிற்று. கண்டோம் என்ற எண்ணம் எழவில்லை.

2018இல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தை நாம் அதுவரை பார்க்காதிருந்தோம். மாரி செல்வராசின் முதற்படம். நெல்லைச் சீமையில் சட்டக் கல்லூரிக்குப் போகும் ஓர் ஒடுக்கப்பட்ட இளைஞன், அவனோடு கள்ளமின்றிப் பழகும் ஆதிக்கச் சாதிப் பெண், அவள் உறவினரின் வெறி. இதைக் காதல் கதை என்று விளம்பரம் செய்தாலும் காதல் என்ற சொல்லுக்கு முன்னரே படம் நின்றுகொள்கிறது. அந்தப் பெண்ணுக்கு இறுதிவரை பல செய்திகள் தெரியாது. அவனுக்கு என்ன நேர்ந்தது, அவள் குடும்பத்தார் அவனை எவ்வாறு இழிவுசெய்தனர் என்பதை அவன் அவளிடம் சொல்வதே இல்லை. தொடர்களிலும் உண்மை மறைக்கப்படுகிறது. அங்கே அது கதையை நீட்டிக்க. இங்கோ ஒருவன் தன் உள்ளத்தில் ஒருத்தியின் கள்ளமற்ற சிரிப்பைக் காப்பாற்றுவதற்காக அதை மறைக்கிறான். அதற்கு அவன் தரும் விலையைக் கதிரின் முகத்தில் பார்க்கிறோம்.

முடிவில் பெண்ணின் தந்தை அவனெதிரே அமர்கிறார். காலப்போக்கில் எப்படி மாறும் என்று யாருக்குத் தெரியும் என்பதுபோல் அவர் பேசுகிறார். நீங்கள் நீங்களாகவே இருந்துகொண்டு, நான் நாயாகவே இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும்வரை எதுவும் மாறாது என்னும் பொருள்பட அவன் விடையிறுக்கிறான். பழிவாங்கவில்லை, மன்னித்ததாகவும் அறிவிக்கவில்லை. மேசைமேல் இரண்டு தேநீர்க் குவளைகள், நடுவே ஒரு சிறு பூ. படம் முடிகிறது.

இம்முடிவை ‘உதிரிப்பூக்கள்’ முடிவோடு அருகருகே வைத்துப் பார்த்தோம். அங்கே ஊர் முழுதும் சேர்ந்து ஒருவனைத் தீர்க்கிறது. இங்கே ஓர் ஊரின் வெறியைத் தன் உடலில் ஏற்ற ஒருவன், வன்முறை செய்யும் ஆற்றலும் உரிமையும் கையிலிருக்க, பேச அமர்கிறான். அதனால் அவர்கள் பக்கம் என்ன மாறிற்று? ஒன்றுமில்லை என்றே சொல்லவேண்டும். தந்தை சற்றே தலைகுனிந்தார், அவ்வளவுதான். மன்னிப்புப் பற்றி மறையுரைகளில் எளிதாகப் பேசும் நாம் இவ்விடத்தில் நிதானிக்கவேண்டும். பாதிக்கப்பட்டவனிடம் மன்னிப்பைக் கோருமுன், குற்றமிழைத்தவர் பக்கத்தில் ஏதேனும் அசைந்ததா என்று பார்க்க மறக்கிறோம். கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கு ஒரு சுவர் எழுப்பிய சமூகம் கத்தோலிக்கத் தமிழ்ச் சமூகம். சாதிப் பாகுபாடு பெரும் பாவம் என்று இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் எழுத்தில் வைத்தது. எழுத்தில் வைப்பதற்கும் அந்த இரண்டாவது குவளையை ஒரே மேசையில் வைப்பதற்கும் இடையே உள்ள தொலைவை நம் பங்குகளில் வாழ்வோர் அறிவர். படம் பார்த்து முடித்ததும் நம் இல்லத்தில் வாக்குவாதம் எழவில்லை. அன்று மைத்துனர் விரைவாகவே படுக்கச் சென்றார்.

இரண்டு படங்கள் எஞ்சியுள்ளன. ஒன்று பழையது, ஒன்று புதியது. இவற்றை அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தது தற்செயல்தான்.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) தமிழில் வந்த ஒப்பற்ற படங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதை ஈட்டித் தந்தது. சென்னையில் அலுவலகம் செல்லும் சுதா, முதிய தாத்தாவோடும் தங்கையோடும் வாடகை வீட்டில் வாழ்கிறாள். வீட்டைக் காலிசெய்யச் சொல்கிறார்கள். சொந்தமாக இருக்கும் மனையில் ஒரு சிறு வீடு கட்ட முனைகிறாள். கடன், அனுமதி, ஒப்பந்தக்காரர், திருடப்படும் சிமெண்ட், மழை என ஒரு வீடு எழும்புவதற்குள் ஒரு நடுத்தரக் குடும்பம் எப்படித் தேய்கிறது என்பதே கதை. வில்லன் என்று எவரும் இல்லை. ஒவ்வொருவரும் சிறிதளவே ஏமாற்றுகிறார்கள். அந்தச் சிறிதளவுகள் சேர்ந்து சுதாவின் தலைமேல் இறங்குகின்றன. சிமெண்ட் திருட்டை வெளிப்படுத்துபவள் கூலிக்கு மண் சுமக்கும் பெண் என்பதைப் படம் அழுத்திச் சொல்லாமல் காட்டிச் செல்கிறது.

சொக்கலிங்க பாகவதர் ஏற்ற தாத்தா பாத்திரம் தமிழ்த் திரையின் அரிய செல்வம். ஒரு நாள் அவர் தனியே பேருந்து ஏறி, அரைகுறையாய் எழும்பி நிற்கும் அந்த வீட்டைப் பார்க்கச் செல்கிறார். சுவர்களைத் தடவுகிறார். ஒவ்வோர் அறையாக நுழைந்து நுழைந்து வெளிவருகிறார். பேச்சில்லை, இளையராசாவின் இசை மட்டும் கூடவே நடக்கிறது. அவர் திரும்பும் வழியில் இறந்துபோவார் என்பது நமக்கு முன்பே தெரியும். நம் தாயார் இக்காட்சியின்போது, “மெதுவா பாக்கட்டும். அவசரப்படுத்தாதீங்க” என்றார். நாம் யாரும் அவசரப்படுத்தவில்லை. படத்தையோ, தாத்தாவையோ, யாரை எண்ணிச் சொன்னார் என்பதும் விளங்கவில்லை. நம் தந்தையார் கட்டத் தொடங்கிய வீட்டின் மாடிப்பகுதி அவர் மறைந்தபின் முடிக்கப்பட்டது என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறோம்.

வீடு ஏறத்தாழ முடிந்த நிலையில், அந்நிலம் குடிநீர் வாரியத்தால் கையகப்படுத்தப்பட்டது என்ற செய்தி வருகிறது. வழக்கு நீதிமன்றத்திற்குப் போகிறது. தீர்ப்புக்குக் காத்திருக்கிறார்கள் என்பதோடு படம் முடிகிறது. தொடர்களைப் போலவே இதுவும் தீர்வைத் தள்ளிவைக்கிறதே என்று எவரேனும் கேட்கலாம். தொடர் தீர்வை மறைத்துவைத்து நாளை வாருங்கள் என்கிறது. ‘வீடு’, இத்தகைய எளியவர்க்கு உரிய நேரத்தில் தீர்வு கிடைப்பதில்லை என்ற உண்மையைச் சொல்லிவிட்டு விளக்கை ஏற்றிவிடுகிறது. திரைக்கலையின் நூற்றாண்டையொட்டி வத்திக்கான் 1995இல் வெளியிட்ட நாற்பத்தைந்து படங்களின் பட்டியலில் இத்தாலிய இயக்குநர் டி சீக்காவின் ‘சைக்கிள் திருடர்கள்’ இடம்பெற்றிருந்தது. அதிலும் சைக்கிள் இறுதிவரை கிடைப்பதில்லை. அவமானப்பட்ட தந்தையின் கைக்குள் மகனின் சிறு கை நுழைகிறது, அவ்வளவே. அப்பட்டியலைத் தொகுத்தோர் ‘வீடு’ படத்தைப் பார்த்திருந்தால் அதற்கும் ஓர் இடம் தேடியிருப்பர் என்று நம்ப நமக்கு ஆசை.

மறுநாள் இரவு ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. லெனின் பாரதி இயக்கி, விசய் சேதுபதி தயாரித்து 2018 ஆகத்தில் வெளியானது. தேனிப் பக்கத்து மலையடிவாரத்தில், ஏலத் தோட்டங்களுக்கு மேலும் கீழும் தலைச்சுமை தூக்கிச் செல்லும் ரங்கசாமிக்கு ஒரே கனவு: ஒரு துண்டு நிலம். நடிப்பவர் பலர் நடிகர்களாகவே தெரியவில்லை. படத்தின் முற்பகுதியில் கதை என்று ஒன்றும் நடப்பதில்லை. விடியுமுன் எழுகிறான், ஏறுகிறான், வழியில் தேநீர் குடிக்கிறான், பேசுகிறான், இறங்குகிறான். நம் மகள் முதல் அரைமணி நேரம் பொறுமையிழந்தாள், பிறகு அசையவில்லை. தேனி ஈசுவரின் கேமரா அந்த மலையைச் சுற்றுலா அழகாக்கவில்லை. ஏறுபவனின் மூச்சிரைப்பினூடாக மலையைக் காட்டுகிறது.

நிலம் வாங்கச் சேர்த்ததெல்லாம் ஓர் ஏலக்காய் மூட்டையோடு பள்ளத்தில் சிதறும் காட்சியில் ஓலம் இல்லை. பச்சை மணிகள் பாறைமேல் உருள்கின்றன, அவன் நிற்கிறான். பின்னர் நிலம் கைக்கு வருகிறது. கடனில் கைவிட்டும் போகிறது. இறுதியில், தான் உழுத அதே மண்ணில் நிறுவப்பட்ட காற்றாலைக்குச் சீருடை அணிந்த காவலனாக அமர்ந்திருக்கிறான். கேமரா மெல்ல மேலெழுகிறது. ஒரு காற்றாலை, பிறகு பத்து, பிறகு கண்ணுக்கெட்டிய தூரம்வரை காற்றாலைகள். அவன் ஒரு புள்ளியாகி மறைகிறான். ‘வீடு’ படத்தின் சுதாவுக்காவது வழக்கு இருந்தது; வழக்கிட நகரம் இருந்தது. ரங்கசாமிக்கு யாரிடம் முறையிடுவது என்பதே தெரியாது, ஏனெனில் எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது. இரு படங்களுக்கும் இடையே முப்பது ஆண்டுகள். இரண்டிலும் இசை இளையராசா. இரண்டாவதில் அவர் பெரும்பாலும் மௌனமாக இருப்பதையே தேர்ந்திருக்கிறார்.

படத்தின் நடுவே பொதுவுடைமைத் தொழிற்சங்கத்தைப் பற்றிய பகுதி சற்று விரைவாக ஓடுகிறது; அங்கே இயக்குநர் மலையை மறந்து அரசியல் வகுப்பெடுக்கப் போய்விடுகிறார். குறை அதுவே. மற்றபடி, அரங்குகளில் சில நாள்களே நின்ற இப்படத்தை, தொடர்கள் நின்றிராவிடில் நாமும் பார்த்திருக்கமாட்டோம்.

சூலை இறுதியில் தொடர்கள் ஒவ்வொன்றாக மீண்டன. சில பாத்திரங்களுக்கு இவருக்குப் பதில் இனி இவர் என்று புதிய முகங்கள் வந்தன. கதைகளோ விட்ட இடத்திலேயே தொடர்ந்தன. மருத்துவர் வெளியே வந்து ஒருவழியாக வாய் திறந்தார். அதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். கேமரா ஒவ்வொரு முகத்திற்கும் மும்முறை பாய்ந்தது. நம் தாயார் திரையை நோக்கி, “சொல்லித் தொலையேன்யா” என்றார்.